உடுக்கையும் கையும்: மாற்றுவலுவுள்ளோர் ஆடை பற்றிப் புத்தளக் கரையோரத்தை முன்வைத்து ஒரு நோக்கு

திருக்குறளின் நட்பு அதிகாரத்திலே, ஆடை நெகிழும் கணத்தில் தானாக விரைந்து அதனைப் பற்றும் கையினை, நண்பனுடைய துன்பத்தை உடனே களையும் நட்புக்கு உவமையாக்குகின்றார் வள்ளுவர் (788). அவ்வுவமையின் செவ்வியை உரையாளர்கள் விதந்து கூறியுள்ளனர். கை ஏவலை எதிர்பார்ப்பதில்லை. அவையோர் பார்க்கின்றனரா என ஆராய்வதில்லை. மானம் காப்பதே அதன் இயல்பு. எனினும் இவ்வுவமை ஓர் எடுகோளின்மீது நிற்கின்றது என்பதைப் பலரும் கருத்திற்கொள்வதில்லை. ஆடையை உடுத்தவனுக்கு விரைந்து செயற்படும் கை உண்டு என்பதே அவ்வெடுகோள். பாரிசவாதத்தால் ஒரு பக்கம் தளர்ந்தவனுக்கு, தொழுநோயால் விரலுணர்வு இழந்தவனுக்கு, வெடிமருந்தால் கையையே இழந்தவனுக்கு அவ்வுவமை எவ்வாறு பொருந்தும்? அவர்களைப் பொறுத்தவரை, மானம் காக்கும் பொறுப்பின் ஒரு பகுதியைக் கையிடமிருந்து ஆடையே ஏற்றுக்கொள்ள வேண்டியதாகின்றது. அவ்வாறு ஏற்கும் ஆடையையே இன்று இசைவாக்க ஆடை என்கின்றனர்.

ஆடையானது உடலை மறைத்தல், வெயில் பனியிலிருந்து காத்தல், அழகு தருதல் என்னும் மூன்று பணிகளைச் செய்வதாகப் பொதுவாகக் கூறுவர். நான்காவது பணியொன்றும் உண்டு. உடுத்தவர் யார், எவ்விடத்தவர், எத்தருணத்துக்கு உரியவர் என்பதை அது பிறருக்கு அறிவிக்கின்றது. “ஆள் பாதி ஆடை பாதி” என்னும் பழமொழி இந்நான்காவது பணியையே சுட்டுகின்றது. மாற்றுவலுவுள்ளோருக்கென ஆடை அமைத்தோர் நெடுங்காலமாக முதலிரு பணிகளோடு நிறைவு கண்டனர். முதுகுப்புறம் திறந்து நாடாவாற் கட்டப்படும் மருத்துவமனைச் சட்டை இதற்குத் தக்க உதாரணமாகும். அது மருத்துவருக்கும் தாதிக்கும் வசதியானது. உடுத்தவருக்கோ தாம் நோயாளி என்பதைத் தவிர வேறெதையும் அறிவிக்க இடந்தராதது. ஆகவே இசைவாக்க ஆடையை மதிப்பிடும்போது, யாருடைய வசதிக்காக அது அமைந்தது என்னும் வினாவே முதலில் எழுப்பப்படல் வேண்டும்.

இத்துறையின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குதல் பயனுடையது. நியூயோர்க்கில் ஹெலன் குக்மன் என்னும் ஆடை வடிவமைப்பாளர், புனர்வாழ்வு மருத்துவ நிலையத்தோடு இணைந்து உடற்குறையுடையோரின் ஆடைத் தேவைகளை ஆராய்ந்தார். அம்முயற்சியின் பயனாக 1955 இல் ‘பங்ஷனல் பாஷன்ஸ்’ என்னும் பெயரில் ஆடை வரிசையொன்று தோன்றியது. பெயர்பெற்ற வடிவமைப்பாளர் பலர் அதற்குப் பங்களித்தனர். 1970களின் நடுப்பகுதியில் லீவைஸ் நிறுவனமும் இரு பக்கங்களிலும் சிப் வைத்த காற்சட்டையை அவ்வரிசைக்கெனத் தயாரித்தது. எவரும் விரும்பி அணியத்தக்க ஆடையிலேயே மாற்றங்களை வெளித்தெரியாமல் அமைத்தல் அவ்வரிசையின் கொள்கையாகும். சுவிற்சர்லாந்தின் ஜோர்ஜ் த மெஸ்ட்ரல் உருவாக்கிய வெல்குரோ என்னும் ஒட்டுப்பட்டி 1950களிற் காப்புரிமை பெற்றுப் பரவியமை, பொத்தானுக்கு மாற்றுத் தேடியோருக்குப் பெருந்துணையாயிற்று. எனினும் 1970களின் பிற்பகுதியில் அவ்வரிசை நின்றுபோயிற்று. பெருநிறுவனங்கள் இத்துறைக்கு முனைப்போடு மீண்டமைக்குச் சான்றாகத் தொமி ஹில்பிகர் நிறுவனத்தைக் கூறலாம். அது 2016 இற் சிறுவர்களுக்கும் 2017 இல் வளர்ந்தோருக்கும் காந்தப் பொத்தான் முதலிய அமைப்புகள் கொண்ட ஆடைகளை வெளியிட்டது.

இவற்றுக்கிடையே குறிப்பிடத்தக்க நிகழ்ச்சியொன்று 1998 இல் இலண்டனில் நிகழ்ந்தது. அலெக்சாண்டர் மக்குயீனுடைய ஆடைக் காட்சியில், முழங்காலுக்குக் கீழ் இரு கால்களுமற்ற விளையாட்டு வீராங்கனை ஏமி மலின்ஸ், சித்திர வேலைப்பாடு செதுக்கிய மரக்கால்களோடு நடந்து வந்தார். அவற்றை அழகிய பாதணிகள் என்றே பலர் கருதினர். குறையெனக் கருதப்பட்ட உறுப்பு அழகின் நிலைக்களனாகலாம் என்பதை அக்காட்சி உணர்த்தியது. அவ்வளவில் அது போற்றற்குரியதே. ஆயினும் மேடைக்காகச் செதுக்கப்பட்ட கால், நாளாந்தம் நீரள்ளவும் படியேறவும் சந்தைக்குப் போகவும் உரியதன்று. ஒருபுறம் அழகை விலக்கிய மருத்துவமனைச் சட்டை, மறுபுறம் அன்றாட வாழ்வினின்றும் விலகிய மேடை அழகு: இவ்விரண்டுக்குமிடையே அன்றாட அழகு ஒன்றுக்கு இடம் உண்டா என்பதே இங்கு ஆராய்தற்குரியது. இதற்கு விடை காணப் பெருநகரங்களை விட்டு, ஆடை கடும் சோதனைக்குள்ளாகும் ஓரிடத்தை நோக்குதல் நன்று. புத்தள மாவட்டத்தின் கரையோரம் அத்தகையதோர் இடமாகும்.

சிலாபம் தொட்டு முந்தல், உடப்பு, பாலாவி, புத்தளம், நுரைச்சோலை, கற்பிட்டி எனச் செல்லும் இக்கரை கடலுக்கும் களப்புக்கும் இடையே அமைந்தது. கச்சானும் வாடையும் மாறி மாறி வீசும் வறண்ட நிலம் இது. வெயிலாலும் காற்றாலுமே இங்கு உப்பு விளைகின்றது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும், இந்து, இஸ்லாம், கத்தோலிக்கம், பௌத்தம் என்னும் சமயத்தவரும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். உடப்பில் அம்பாப் பாடலோடு கரைவலை இழுக்கும் தொழில் பெயர்பெற்றது. கற்பிட்டிப் பகுதியிற் சங்குக்கும் கடலட்டைக்கும் மூழ்குவோர் உளர். ஆழத்திலிருந்து விரைந்து மேலெழும் மூழ்காளியின் உடலில் வாயுக்குமிழ்கள் தோன்றி முள்ளந்தண்டைத் தாக்குமாயின், அவன் இடுப்புக்குக் கீழ் இயக்கமற்றுப் போவதும் உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுள் பெரும்பாலானோர் வந்து தங்கியதும் இம்மாவட்டத்திலேயாகும். உடுத்த ஆடையோடு வந்தோர் அவர்களுட் பலர். ஆடையை இழத்தல் என்பது இக்கரையிலே வெறும் உவமையன்று; வாழ்ந்தறிந்த அனுபவமாகும்.

இத்தகைய சூழலில் வழங்கும் ஆடைகளை ஒவ்வொன்றாக எடுத்து நோக்குவோம். முதலாவது சாரம். பொத்தானோ சிப்போ இல்லாது, சுற்றி மூட்டிய ஒரே துணியாய், மெலிந்தவனுக்கும் பருத்தவனுக்கும் ஒருங்கே பொருந்துவது அது. படுத்திருப்பவனுக்கும் எளிதில் அணிவிக்கலாம். சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டவனுக்கு அதனைப்போல் உதவும் உடை வேறில்லை. இவ்வகையில் நோக்குமிடத்து, இசைவாக்க ஆடை என்னும் பெயர் தோன்றுமுன்னரே இப்பிரதேசத்தில் அதன் பண்புகள் பலவற்றையுடைய ஆடை இருந்துள்ளது எனலாம். ஆனால் சாரத்தின் நிலைபேறு முழுவதும் அதன் முடிச்சிலே தங்கியுள்ளது. இரு முனைகளையும் இரு கைகளாலும் இழுத்து மடித்துச் செருகினாலன்றி அது இடுப்பில் நில்லாது. ஒற்றைக் கையனுக்கு அது நொடிக்கு நொடி நெகிழும் ஆடையாகின்றது. வள்ளுவருடைய உவமை இங்கே நாளாந்தத் துன்பமாய் மாறுகின்றது. இதற்குப் பரிகாரம் கடினமானதன்று. இடுப்பின் பின்பாதியில் அகலமான இலாஸ்ரிக் பட்டியும், முன்பாதியில் ஒரு கையாற் கொளுவத்தக்க பெரிய கொளுக்கியும் தைத்து, அதன்மேல் வழக்கமான மடிப்பைப் போலியாக அமைத்துவிட்டால் வெளித்தோற்றத்தில் அது சாரமே. காற்சட்டைக்கு மாறவேண்டிய கட்டாயம் அவனுக்கு நேராது. ஊரார் உடுக்கும் உடையையே தானும் உடுத்தல் என்பது சிறிய காரியமன்று.

இரண்டாவது சேலை. நின்று உடுத்து, நின்று பார்ப்பதற்கென உருவான ஆடை அது. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அதன் கொய்யகம் மடியிலே குவியும். பின்புறச் சுற்று இருக்கைக்கும் உடலுக்கும் இடையே கசங்கி மடியும். முந்தானை சில்லிற் சிக்கும். உணர்வற்ற தோலின்கீழ் ஒரே மடிப்பு நெடுநேரம் அழுத்துமாயின் அழுத்தப்புண் தோன்றும். அப்புண்ணால் உயிருக்கே இடர் நேர்வதுண்டு. ஆகவே அமர்ந்திருப்போருக்கான சேலையில் பின்புறச் சுற்று நீக்கப்பட்டு, கொய்யகம் முன்னரே தைக்கப்பட்டு, முந்தானை தோளிற் பொருத்தப்படல் வேண்டும். சென்னையில் ஷாலினி விசாகனின் சுவஸ்த்ரா டிசைன்ஸ் மாற்றுத்திறனாளிகளுக்கென இவ்வகைத் தையலில் ஈடுபட்டு வருகின்றது. மேலைத்தேய உடையைப் பெயர்த்தெடுத்துத் தராமல், நம்மவர் உடுக்கும் உடையினுள்ளேயே மாற்றம் தேடும் முயற்சிகள் என்ற வகையில் இத்தகையவை பாராட்டுக்குரியன. திருமண வீட்டுக்குச் சேலை உடுத்துச் செல்லும் உரிமை தனக்கும் உண்டு என்பதை அவை ஒரு பெண்ணுக்கு மீட்டுத் தருகின்றன.

முஸ்லிம் பெண்கள் அணியும் அபாயாவும் இவ்வாறே ஆராயப்படல் வேண்டும். நிலம் தொடும் அதன் விளிம்பு சில்லிலும் ஊன்றுகோலிலும் சிக்கும். அமர்ந்த நிலைக்கேற்ப முன்புற நீளத்தைக் கணித்து வெட்டினால், கணுக்கால் வரை மறைப்பும் குறையாது, சில்லிலும் சிக்காது. ஊன்றுகோல் கொண்டு நடப்போரின் சட்டை அக்குளிலே விரைவிற் கிழிவதை எந்தத் தையற்காரரும் அறிவார். அவ்விடத்திற் சாய்சதுரத் துண்டொன்றைச் சேர்த்துக் கையைத் தளர்த்தி, உட்புறத்தில் இரட்டைத் துணி வைத்தால் சட்டையும் நிலைக்கும், தோளும் இயல்பாக அசையும். அமர்ந்திருப்போரின் காற்சட்டைக்குப் பின்னிடுப்பு உயர்ந்தும் முன்னிடுப்புத் தாழ்ந்தும் இருத்தல் அவசியம். பின்பைகளும் தடித்த மூட்டுத்தையலும் நீக்கப்பட வேண்டும். இவை யாவும் வெட்டும் முறை பற்றியவை. இவற்றுக்கு விலையுயர்ந்த பொருளோ இயந்திரமோ தேவையில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

பூட்டும் பொருள்களைப் பொறுத்தவரை நிலைமை வேறு. மேலைநாட்டு ஆடைகளின் சிறப்பம்சமாகப் போற்றப்படும் காந்தப் பொத்தான், உப்புக்காற்றிலே மேற்பூச்சு உரிந்ததும் துருப்பற்றும். இதயத்தில் மின்முடுக்கி பொருத்தப்பட்டவர்க்கு அது ஆபத்தானதும் ஆகும். வெல்குரோ பட்டியின் கொக்கிகளில் மணலும் நூலிழையும் படிந்து அதன் பற்று விரைவிற் குறையும். மென்துணியையும் வலையையும் அது பற்றி இழுக்கும். உலோகச் சிப் கடற்கரையிற் சில காலத்தில் இறுகிவிடும். நைலோன் பற்களுடைய சிப்பில் விரல் நுழையும் வளையம் மாட்டினால் அது ஓரளவு நின்றுபயக்கும். செயற்கை இழைத்துணி விரைவில் உலருமெனினும் வெப்பத்தில் வியர்வையைத் தேக்கும். பருத்தி வியர்வையை ஏற்குமெனினும் ஈரம் உலராது தோலை ஊறச்செய்யும். ஆதலால் குளிரூட்டிய அறையில் வாழ்வோருக்கென வடிவமைத்த ஆடை, அதன் அழகு எத்தகையதாயினும், இக்கரையிற் பிழைத்துப்போகும். இடம் நோக்காத இசைவாக்கம் இசைவாக்கமாகாது.

இவ்விடத்து ஜெய்ப்பூர்க் கால் பற்றி நினைவுகூர்தல் பொருத்தமாகும். 1960களின் பிற்பகுதியில் சத்திர சிகிச்சை நிபுணர் பி. கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் ஜெய்ப்பூரில் உருவாக்கிய இச்செயற்கைப் பாதம் 1980களில் இலங்கைக்கும் வந்தது. அதற்கு முன்னர் வழக்கிலிருந்த மேலைநாட்டுச் செயற்கைக் கால், சப்பாத்து அணிந்து நாற்காலியில் அமர்வோருக்கென ஆக்கப்பட்டது. வெறுங்காலோடு வயலில் இறங்குவோர், குந்தியிருப்போர், சம்மணமிட்டு உண்போர் அதனை ஒதுக்கி வைத்தனர். றப்பரால் ஆன ஜெய்ப்பூர்ப் பாதமோ நீரிலும் சேற்றிலும் வெறுங்காலாகவே நடக்க இடந்தந்தது. தோற்றத்திலும் அது பாதமாகவே இருந்தது. மருத்துவரின் அறிவும் கைவினைஞனின் கையும் பயன்படுத்துவோரின் வாழ்க்கை முறையும் ஒருங்கு சேர்ந்தமையே அதன் வெற்றிக்குக் காரணம். ஆடையிலே அத்தகைய சேர்க்கை இன்னும் போதிய அளவு நிகழவில்லை. சேத்தியின் இடத்தில் வடிவமைப்பாளர் உளர், சர்மாவின் இடத்தில் ஊர்த் தையற்காரர் உளர், இருவரும் சந்திக்கவில்லை.

இந்நிலை இலங்கையில் நீடிப்பது விந்தையே. 1977 இன் திறந்த பொருளாதாரக் கொள்கையின் பின்னர் ஆடைத் தொழில் நாட்டின் முதன்மையான கைத்தொழில் ஏற்றுமதியாயிற்று. 1992 இல் இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் அதனைக் கிராமங்களுக்கும் கொண்டுசென்றது. உலகச் சந்தைக்குரிய நுண்தையலைக் கற்ற பெண்கள் ஆயிரக்கணக்கில் உளர். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, நாட்டில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளோருள் 8.7 சதவீதத்தினர், அதாவது ஏறத்தாழ 16 இலட்சம் பேர், பார்வை, கேள்வி, நடை, நினைவு, தற்பராமரிப்பு, தொடர்பாடல் என்பவற்றுள் ஒன்றிலேனும் இடர்ப்பாடுடையோராவர். தற்பராமரிப்பு என்பதனுள் உடுத்தலும் அடங்கும். தைக்கும் கை இங்கு உண்டு. தேவையும் இங்கு உண்டு. தைத்த ஆடை மட்டும் கப்பலேறுகின்றது. சந்தையின் கணக்கிலே ஏழை மாற்றுவலுவுள்ளோர் நுகர்வோராக எண்ணப்படாமையே இதற்கு அடிப்படைக் காரணம் எனலாம்.

“உணவுக்கே வழியற்றோருக்கு ஆடையின் அழகு ஆடம்பரமன்றோ?” என வினவுவோர் உளர். இவ்வினா நல்லெண்ணத்தோடு எழுப்பப்படினும், அதனுள் ஏற்றத்தாழ்வு ஒன்று மறைந்துள்ளது. உடப்புத் திரௌபதை அம்மன் கோவிற் தீமிதிப்புக்கும், முன்னேஸ்வரத் திருவிழாவுக்கும், தலவில அன்னம்மாள் பெருநாளுக்கும், நோன்புப் பெருநாள் தொழுகைக்கும் ஏழை வீட்டாரும் கடன்பட்டேனும் புத்தாடை எடுக்கின்றனர். அதனை எவரும் ஆடம்பரம் என்பதில்லை. ஊரோடு ஒன்றுதல் என்றே கொள்வர். அவ்வீட்டிலேயே நடக்கவியலாத ஒருவருக்கு மட்டும் “எங்கே போகப் போகிறார்?” எனப் பழைய ஆடை போதுமாகின்றது. ஆடையின்மையால் அவர் வெளியே செல்வதில்லை. வெளியே செல்லாமையால் ஆடை எடுக்கப்படுவதில்லை. இவ்விரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும் வட்டத்தை முறிக்கும் இடங்களுள் ஆடையும் ஒன்றாகும்.

மாற்றங்கள் மாற்றுவலுவுள்ளோரைத் தனியே பிரித்துக் காட்டும் என்னும் அச்சமும் உண்டு. இது நியாயமான அச்சமே. ஆனால் அது மாற்றத்தின் தரத்தைப் பற்றிய அச்சமேயொழிய மாற்றத்தையே மறுக்குங் காரணமன்று. போலி மடிப்பு வைத்த சாரத்தையும் தைத்த கொய்யகத்தையும் மற்றோரும் விரும்பி உடுக்கலாம். முதியோர், கருவுற்றோர், விரல்மூட்டு வாதமுடையோர் யாவருக்கும் அவை உதவும். எல்லோருக்கும் பயன்படுவதாய் அமைந்து, சிலருக்கு இன்றியமையாததாய் ஆகும் ஆடையே இத்துறையிற் சிறந்தது. எனினும் மாற்றத்தை மறைத்தே தீரவேண்டும் என்னும் விதியும் இல்லை. ஊன்றுகோலின் நிறத்துக்கு இசையச் சட்டை தைக்க விரும்பும் இளைஞனின் தெரிவும் மதிக்கப்படல் வேண்டும். மறைப்பதா காட்டுவதா என்பதை உடுப்பவரே தீர்மானிக்க வேண்டும்.

சட்டத்தின் துணையும் இல்லாமலில்லை. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் மாற்றுவலுவுள்ளோரின் உரிமைகளைப் பாதுகாக்க எழுந்தது. 2016 இல் இலங்கை ஏற்புறுதி அளித்த ஐக்கிய நாடுகளின் சமவாயம், தனது 28 ஆம் உறுப்புரையில் போதிய உணவு, உடை, உறையுள் என மூன்றையும் ஒருசேர உரிமையாக்குகின்றது. உணவு, உறையுள் பற்றிய திட்டங்கள் பேசப்படுகின்றன; நடுவிலுள்ள உடை மட்டும் நன்கொடையாளரின் பழந்துணி மூட்டையோடு முடிவடைகின்றது.

செய்யத்தக்கன பெருந்திட்டங்கள் அல்ல. 1990களின் தொடக்கத்திலிருந்து பாடசாலை மாணவருக்கு அரசு இலவசச் சீருடை உதவி வழங்கி வருகின்றது. தைக்கப்படாத துணியாக அது வழங்கப்படும்போது, பிள்ளையின் உடலுக்கேற்ப வெட்டும் வாய்ப்பு ஊர்த் தையற்காரரிடமே உள்ளது. ஏனைய பிள்ளைகள் அணியும் அதே வெள்ளைச் சீருடையை, அமர்ந்திருக்கும் பிள்ளைக்கும் ஒற்றைக் கைப் பிள்ளைக்கும் பொருந்துமாறு வெட்டும் முறையை ஒரு சிறு கைந்நூலில் வரைபடங்களோடு தரலாம். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ஆடை வடிவமைப்புக் கற்கைநெறி உண்டு. பிற பல்கலைக்கழகங்களில் மருத்துவமும் சமூகவியலும் தமிழும் கற்பிக்கப்படுகின்றன. கொளுக்கி, மடிப்பு, மூட்டு, பட்டி என்பவற்றுக்குத் தையற்காரர் வழங்கும் சொற்களைத் திரட்டி, அச்சொற்களாலேயே அக்கைந்நூலை எழுதுதல் தமிழ் மாணவர் செய்யத்தக்க பணி. ஆனால் எவ்வாடையும், அதனை உடுக்கப்போகும் மூழ்காளியும் மாணவியும் முதியவரும் அணிந்து பார்த்துக் குறை கூறிய பின்னரே நிறைவு பெற்றதாகக் கொள்ளப்படல் வேண்டும். அவர்களே இத்துறையின் முதற் திறனாய்வாளர்கள்.

வள்ளுவர் கையை நட்புக்கு உவமையாக்கியது, நட்பு கேளாமலே உதவும் என்பதனாலாகும். நெகிழாத முடிச்சும், சிக்காத விளிம்பும், அழுத்தாத மூட்டும் கேளாமலே உதவுகின்றன. அவை உள்ள ஆடையை உடுத்தவர் அதனை மறந்து தம் அலுவலைப் பார்க்கலாம். திருவிழாக் கூட்டத்திலே தம்மைப் பார்ப்போரை நிமிர்ந்து பார்க்கலாம். கற்பிட்டியிலோ உடப்பிலோ ஒரு தையற் கடையில் அத்தகைய சாரமொன்று வழக்கமான விலைக்கு வழக்கமான சாரங்களோடு தொங்கும் நாளிலேயே, இத்துறை தன் நோக்கத்தை அடைந்தது எனக் கூறவியலும்.